ஜப்பானிய அலுவலகத்தில் 'வா' (இணக்கம்): கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினால் சம்மதமா?

பொறியாளர், நகோயா:
புது யோசனையை முதன்முதலாகக் கூட்டத்தில் போய் அவிழ்க்காதீர்கள். பல ஜப்பானிய நிறுவனங்களில் கூட்டம் என்பது ஏற்கெனவே எடுத்த முடிவைப் பதிவு செய்கிற இடம். அதற்கு முந்தைய வேலைக்குப் பெயர் 'நெமவாஷி'. தோட்டக்காரர்களிடமிருந்து வந்தது: பெரிய மரத்தை இடம் மாற்றப் பல மாதங்கள் முன்பே சுற்றிலும் தோண்டி, சில வேர்களை வெட்டி, தடித்த வேர்களில் பட்டையை வளையமாகச் சீவி மண் மூடுவார்கள். சல்லிவேர் விட்ட பிறகே மரத்தைக் கிளப்புவது.

அலுவலகத்தில் முதலில் உங்கள் நேர் மேலாளர். அவரைத் தாண்டிப் போனால் அங்கேயே காரியம் கெட்டது. பிறகு, பாதிக்கப்படும் ஒவ்வொரு துறையிலும் வேலையைக் கையில் வைத்திருப்பவர். ஒரே ஒரு தாளோடு தனியாகப் பாருங்கள். "ஒப்புதல் தாருங்கள்" வேண்டாம், "இதில் எது இடிக்கும்?" என்று கேளுங்கள். சொன்னதைத் திருத்தி, திருத்திய வரியைத் திரும்பக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். வெளிநாட்டவர் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்த இரண்டாவது நடையைத்தான். துறைத் தலைவர் கடைசியில். அதன்பிறகு 'ரிங்கிஷோ' என்ற ஒப்புதல் தாள் கீழிருந்து மேலாக முத்திரை வாங்கிக்கொண்டு போகும்.

ஒரு துறை விடுபட்டால்? யாரும் சண்டை போட மாட்டார்கள். தாள் அந்த மேஜையிலேயே படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

மொழிபெயர்ப்பாளர், டோக்கியோ:
பேச்சுக்கு நடுவே வரும் 'ஹாய்' (நேர்ப்பொருள் 'ஆமாம்'), நம் 'ம்' மாதிரி, கேட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வளவே. பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சி "ச்சொத்தோ..." என்று இழுத்தால் முடியாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். "கென்தோ ஷிமாஸ்", அதாவது பரிசீலிக்கிறோம் என்பதை எடைபோட ஒரு வழி: கூடவே தேதியும் பொறுப்பாளர் பெயரும் வந்ததா? வரவில்லையென்றால் அநேகமாகக் கைவிட்டாயிற்று. அங்கேயே "ஆமாவா இல்லையா?" என்று நெருக்குவது பெரிய தப்பு, பலர் முன்னால் மறுக்க வைத்துவிடுகிறீர்கள். மறுநாள் தனியாக, "எதை மாற்றினால் உங்களுக்கு வசதி?" என்று கேட்டால் உண்மையான காரணம் வர வாய்ப்புண்டு.

வரலாறு படிப்பவர்:
'வா' என்றாலே எதிர்த்துப் பேசாமலிருப்பது என்று நினைப்பதை ஏற்க முடியவில்லை. இளவரசர் ஷோத்தோகு 604இல் வகுத்ததாக 'நிஹோன் ஷோகி' என்ற பழைய வரலாற்று நூல் பதிவு செய்யும் 17 விதிகளில், 'வா'வை மதிக்கச் சொல்லும் முதல் விதியையே எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். 17ஆவது விதி, பெரிய காரியங்களை ஒருவரே முடிவு செய்யக் கூடாது, பலரோடு விவாதிக்க வேண்டும் என்கிறது. சின்ன விஷயங்களுக்கு அது தேவையில்லை என்றும் சேர்த்தே சொல்கிறது. முதல் விதியிலேயே விவாதம் இருக்கிறது. வாயை மூடு என்று எங்கும் இல்லை.

பொறியாளர், நகோயா:
சரிதான், நெமவாஷியும் விவாதம்தான்; நாலு பேர் முன்னால் நடப்பதில்லை. 2020இல் அமைச்சர் கோனோ தாரோ அரசு அலுவலகங்களில் 'ஹான்கோ' முத்திரையைக் குறைக்கச் சொன்ன பிறகு, ரிங்கிஷோவை மென்பொருளில் அனுப்புவது பற்றிய பேச்சு பெருகியது. கணினியில் அனுப்பினாலும் வரிசை அதேதான். அனுப்பும் முன் ஒவ்வொருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்; அறிவிப்பாக மட்டும் போய் விழும் தாள் திரும்பி வருவதற்கே வாய்ப்பு அதிகம்.