தனுஷ்கோடி ஓடிய ஜீப்: பாடி மவுண்ட் துருப்பிடித்துவிட்டது, பாடியை இறக்காமல் சரிசெய்ய முடியுமா?

உப்புக்காற்று:
வணக்கம். என்னுடையது 1995 மாடல் டீசல் ஜீப், ஹார்ட்டாப். 2017இல் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை ரோடு திறந்த பிறகு, மணலிலும் கடல் தண்ணீரிலும் ஆள் ஏற்றிப் போன ஜீப்களுக்கு வேலை குறைந்தது. அப்போது விலைக்கு வந்த ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினேன். பாடி ஒரிஜினல் இல்லை, உள்ளூரில் கட்டியது.

மூன்று மாதமாக வேகத்தடையில் ஏறி இறங்கினால் காலுக்கு அடியில் ‘டக்’ என்று சத்தம். இடது கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்தான் பூட்டு விழுகிறது. ரிவர்ஸ் போடும்போது கியர் ராடு தரை ஓட்டையின் ஓரத்தில் உரசுகிறது.

நேற்று கீழே படுத்துப் பார்த்தேன். பாடியைச் சேசிஸோடு (அடிச்சட்டத்தோடு) இணைக்கும் மவுண்ட்களில், இடது கதவுக்கு நேர் கீழே உள்ளதில் ரப்பர் நசுங்கிப்போய், அதைத் தாங்கும் சேசிஸ் பிராக்கெட் ஏடு ஏடாக உரிகிறது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகிறது. அதற்குப் பின்னால் இருப்பதும் அப்படித்தான். மூன்றாவது மவுண்ட்டும் சந்தேகம். போல்ட்டைத் திருப்பினால், தரைக்குள் பற்றவைத்த நட்டும் சேர்ந்து சுற்றுகிறது.

ஒரு டிங்கர் பாடியையே இறக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர், மேலாக ஒரு பட்டையை வைத்துப் பற்றவைத்தால் அரை நாளில் முடியும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

மலைப்பாதை:
எங்கள் வண்டியில் ரப்பருக்கு அடியில் நாலு வாஷர் வைத்து இறுக்கினோம். சத்தம் நின்றுவிட்டது, இரண்டு வருடமாக ஓடுகிறது.

பட்டறை மாமா:
வாஷர் வைப்பது ரப்பர் மட்டும் அமுங்கியிருந்தால் சரி. தம்பிக்கு ரப்பர் உட்காரும் இடமே இல்லையே! அங்கே வாஷர் வைத்தால் அது துருவுக்குள் புதைந்துகொண்டே போகும்.

தம்பி, முதலில் சேசிஸ் சட்டத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு இருக்கிறது. தொப் தொப் என்றால், அல்லது தட்டும்போது செதில் கொட்டினால், சட்டமே போய்விட்டது. அப்போது முதல் டிங்கர் சொன்னதுதான் சரி, பாடி இறங்கியே ஆக வேண்டும். சட்டத்திலிருந்து கை மாதிரி நீளும் பிராக்கெட் மட்டும் போயிருந்தால் பாடியை இறக்க வேண்டாம்.

துரு அங்கே மட்டும் ஏன் என்றால், ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவில் போன உப்புத்தண்ணீர் காயவே காயாது. போதாததற்கு மணல் வேறு அடைத்துக்கொள்ளும். துருவானது தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால்தான் ஏடு ஏடாகப் பிரிகிறது. இதன் மேல் பட்டை வைத்துப் பற்றவைத்தால் வெல்டு துருவில்தான் பிடிக்கும், இரும்பில் பிடிக்காது. அரை நாள் வேலைக்காரரை விட்டுவிடுங்கள்.

வேலையை ஒரு மவுண்ட் முடித்து அடுத்தது என்று செய்யுங்கள். தொடுவதற்கு முன் கதவு இடைவெளியை நாலு இடத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்து மற்ற போல்ட்களைத் தளர்த்தி, ஜாக்கிக்கு மேல் மரக்கட்டை வைத்து, தரையின் பலமான சட்டத்தில் கொடுத்து ஓரிரு அங்குலம் மட்டும் தூக்குங்கள். தூக்கும்போது ஸ்டீயரிங் ராடு, பிரேக் குழாய், எர்த் வயர், ரேடியேட்டர் ஹோஸ் நான்கையும் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஜாக்கியை நம்பிக் கீழே படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.

பழைய பிராக்கெட்டை நல்ல இரும்பு வரும் வரை வெட்டி எடுத்துவிட்டு, அதே தடிமனில் புதிதாக மடித்துப் பற்றவையுங்கள். அதில் தண்ணீர் வடிய ஓர் ஓட்டை போட மறக்காதீர்கள், முன்பு கட்டியவர் அதைப் போடாமல் விட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

உப்புக்காற்று:
நன்றி மாமா. சட்டம் கணீர்தான், நிம்மதி. ஆனால் சுற்றுகிற நட்டை என்ன செய்வது? துரு ஸ்ப்ரே மூன்று நாள் அடித்தும் பலனில்லை.

லேத்துக்காரன்:
நட்டே சுற்றும்போது ஸ்ப்ரே எதற்கு அண்ணே? தரை விரிப்பை (மேட்) எடுத்துவிட்டு, நட்டுக்கு நேர் மேலே தரையில் ஸ்பேனர் நுழையும் அளவு ஓட்டை போடுங்கள். நட்டைப் பிடித்துக்கொண்டு கீழே திருப்புங்கள். அப்படியும் வரவில்லை என்றால் பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே ஆக்ஸா பிளேடை விட்டு ரப்பரோடு போல்ட்டை அறுத்துவிடலாம். கேஸ் டார்ச் மட்டும் வேண்டாம், ரப்பரும் மேலே உள்ள மேட்டும் பற்றிக்கொள்ளும். புதிய போல்ட் 8.8 கிரேடு, கிரீஸ் தடவிப் போடுங்கள்.

பட்டறை மாமா:
அந்த ஓட்டையை மூடிப் பற்றவைக்கும்போது கவனம். தரைத் தகடு 18 கேஜ் இருந்தால் 1.2 மி.மீ.தான். சாதாரண ஆர்க் வெல்டிங்கில் ஓட்டை விழும். சிஓடூ (CO₂ வாயு) வெல்டிங் உள்ள இடத்தில் கொடுங்கள், புள்ளி புள்ளியாக வைக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள், டீசல் டேங்க்கும் குழாயும் பக்கத்தில் இருந்தால் அகற்றிவிடுங்கள்.

ஆவணப்பிரியன்:
ஒரு சின்ன விஷயம். சேசிஸ் நம்பர் பொறித்த இடம் எங்கே என்று பார்த்து மறைத்து வையுங்கள். கிரைண்டர் தெரியாமல் பட்டு எழுத்து அழிந்தால் ஆர்சி புதுப்பிக்கும்போது அலைய வேண்டியிருக்கும்.

மலைப்பாதை:
எல்லாம் முடிந்ததும் பழைய இன்ஜின் ஆயிலை அடியில் அடித்துவிட்டால் துருவே வராது.

பட்டறை மாமா:
ரப்பர் மேல் பட்டால் ஊறி உப்பிவிடும், அப்புறம் மறுபடி இதே கேள்வியோடு இங்கே வர வேண்டியதுதான். பெயிண்டுக்கு முன் நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை கழுவிக் காயவிடுங்கள். உப்பு உள்ளே இருந்தால் எந்த பெயிண்டும் கொப்புளம் விடும். ஜிங்க் பிரைமர், மேலே எபாக்ஸி, சட்டத்தின் உட்புறத்துக்கு மெழுகு ஸ்ப்ரே.

உப்புக்காற்று:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். இரண்டு பிராக்கெட்டும் புதிது. சந்தேகப்பட்ட மூன்றாவதைத் திறந்தால் மேல் துருதான், கீழே நல்ல இரும்பு. தேய்த்துப் பெயிண்ட் அடித்ததோடு சரி. தரையை வெட்டியபோது உள்ளே இரண்டு கை மணல் இருந்தது, தனுஷ்கோடி மணலேதான். எட்டு ரப்பரையும் மாற்றிவிட்டேன். கதவு இப்போது ஒரு விரலில் சாத்துகிறது, ‘டக்’ சத்தமும் இல்லை.

கியர் ராடு உரசல் மட்டும் போகவில்லை. பார்த்தால் கியர்பாக்ஸுக்கு அடியில் உள்ள ரப்பரும் கிழிந்திருக்கிறது. அடுத்த ஞாயிறு அதுதான்.