ஆஞ்சியோகிராமுக்கு முன் மெட்ஃபார்மினை எப்போது நிறுத்துவது?

வரும் வியாழக்கிழமை காலை என் அப்பாவுக்கு வலது மணிக்கட்டு வழியாக இதய ஆஞ்சியோகிராம் செய்யவிருக்கிறார்கள். வயது 64; மாடி ஏறினால் நெஞ்சு இறுகுகிறது; நெடுநாள் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் 500 மி.கி. இரு வேளை, சென்ற வார இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் திறனின் அளவு) 48.

ஆஞ்சியோகிராமின்போது செலுத்தும் அயோடின் கலந்த சாய மருந்தால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டால், மெட்ஃபார்மின் உடலில் தேங்கி இரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடக்கூடும் என்பதே என் கவலை. ஒப்புதல் படிவத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வார்டுக்கு இரு முறை தொலைபேசியில் கேட்டதில், அன்று காலை மட்டும் விட்டால் போதும் என்று ஒருவரும், பிறகும் 48 மணி நேரம் கூடாது என்று மற்றொருவரும் சொன்னார்கள். இதய மருத்துவர் அன்றுதான் வருவார். மாத்திரைப் பெட்டியின் வியாழக்கிழமை அறையை அப்பா இன்னும் நிரப்பவில்லை.

சிறுநீரகச் செயல்பாடு இதே அளவில் இருந்தவர்களுக்கு, மெட்ஃபார்மினை எப்போது நிறுத்தி, எந்தப் பரிசோதனைக்குப் பின் மீண்டும் தொடங்கச் சொன்னார்கள்?