மறு: முளை வைக்காமல் டிரைவர் அடிப்பது – ‘தரை நெடுவீச்சு’ என்று வைக்கலாமா?

குழு நண்பர்கள் அனைவருக்கும் பீடோங்கிலிருந்து வணக்கம்.

குழிப்பந்தில் (கோல்ஃப்) ‘டிரைவர்’ என்பது வெகுதூரம் அடிப்பதற்கான பெரிய தலைக் கோல். வழக்கமாகப் பந்தை ‘டீ’ என்னும் சிறு குச்சிமேல் வைத்துத்தான் அதனால் அடிப்பார்கள். குச்சி இல்லாமல், தரையில் கிடக்கும் பந்தையே அதனால் அடிப்பதை ‘டிரைவர் ஆஃப் தி டெக்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும் என்று கேட்டிருந்தேன். ஈப்போ ஐயா ‘முளையில்லா அடி’ என்று எழுதினார். கிள்ளானிலிருந்து ஆசிரியை அம்மா ‘வெறுந்தரை அடி’ என்றார். சென்னை நண்பர் ‘தளத்தடி’ என்றார். சிங்கப்பூர்த் தம்பி, சொல்லே வேண்டாம், ஆங்கிலத்தை அப்படியே தமிழெழுத்தில் எழுதிவிடுங்கள் என்றார். எல்லாருக்கும் சேர்த்து இந்த மடலிலேயே பதில் எழுதுகிறேன். மடல் கொஞ்சம் நீளம்தான். ஆட்டத்தைப் பேசாமல் சொல்லை மட்டும் பேசினால் இந்த விவாதம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் நிற்கும்.

முதலில் சிங்கப்பூர்த் தம்பிக்கு. இங்கே ஹார்வர்ட் தோட்டத்தில் செம்பனைக்கு நடுவே குழிப்பந்துத் திடல் இருக்கிறது. சுற்றுவட்டாரப் பிள்ளைகள் சிலர் ஆடக் கற்கிறார்கள். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைகள். அவர்களுக்காகத்தான் தமிழில் கையேடு எழுதுகிறேன். ‘டீயை எடுத்துவிட்டு டிரைவரை அடி’ என்று அதில் எழுதினால், படிக்கும் பிள்ளைக்கு முதலில் மனத்தில் வருவது தேநீரும் லோரி ஓட்டுநரும். திடலில் நின்று கையைக் காட்டிப் பேசும்போது இந்தக் குழப்பம் இல்லை. அங்கே டிரைவர், டீ, பேர்வே (குழியை நோக்கிப் போகும் வெட்டிய புல்வெளி) என்றே எல்லாரும் பேசுகிறோம், பேசட்டும். ஏட்டில் படிக்கிறவனுக்குக் காட்ட கை இல்லை, சொல் மட்டும்தான் இருக்கிறது. அதனால் எழுத்துக்கு ஒரு சொல் வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இனி ஈப்போ ஐயாவின் ‘முளையில்லா அடி’. டீயை ‘முளை’ என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. மாடு கட்ட முளை அடிக்கிறோம், கூடாரத்துக்கு முளை அடிக்கிறோம். தரையில் குத்தி நிற்கும் சிறு குச்சிக்குப் பொருத்தமான சொல். அந்தக் காலத்தில் ஈர மணலைக் குவித்து அதன்மேல் பந்தை வைத்தார்கள். ஜார்ஜ் கிராண்ட் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1899இல் மர முளைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று குச்சிதான் வழக்கம், ஆகவே முளை என்றே வைத்துக்கொள்வோம்.

ஆனால் ‘முளையில்லா’ என்பதை ஏற்க முடியவில்லை, ஐயா. விதிப்படி முளையைப் பயன்படுத்த அனுமதி உள்ள இடம் ஒவ்வொரு குழிக்கும் தொடக்கத் திடல் மட்டுமே. அங்கிருந்து முதல் அடி அடித்த பிறகு குழிக்குள் பந்து விழும்வரை அடிக்கும் எல்லா அடியும் முளையில்லா அடிதான். இரும்புக்கோலால் அடிப்பதும் முளையில்லாமல், மணற்குழியிலிருந்து எடுப்பதும் முளையில்லாமல். ஆட்டத்தின் பெரும்பகுதிக்குப் பொருந்துகிற ஓர் அடைமொழி, ஓர் அபூர்வ அடியைத் தனியே பிரித்துக் காட்டாது. இந்த அடியில் வழக்கத்துக்கு மாறானது முளை இல்லாதது அல்ல. முளைக்கென்றே செய்த கோல் தரைக்கு வந்திருப்பதுதான். சொல் அந்த இரண்டையும், கோலையும் தரையையும், பிடிக்க வேண்டும் என்பது என் கருத்து.

அந்தக் கோல் ஏன் தரைக்கு ஆகாதது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பரிந்துரைத்தவர்களில் சிலர் ஆடாதவர்கள். பந்தின் விட்டம் குறைந்தது 42.67 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். எனவே தரையில் கிடக்கும் பந்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து சுமார் 21 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. இன்றைய டிரைவரின் தலை 460 கனசென்டிமீட்டர் வரை பெருத்தது. அதன் முகமும், அதாவது பந்தில் படும் பக்கமும், உயரமானது. முளைமேல் வைத்தால் பந்து முகத்தின் நடுவிலோ சற்று மேலேயோ படும். தரையிலிருந்து அடித்தால் முகத்தின் கீழ்ப்பாதியில்தான் படும். முகம் மேலிருந்து கீழாகச் சற்றே வளைந்திருப்பதால் கீழே சாய்வு (முகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) இன்னும் குறைவு. தலையின் எடை மையமோ பந்து படும் இடத்துக்கு மேலே இருக்கிறது. விளைவு, பந்து தாழ்வாகக் கிளம்பும், பின்சுழற்சி கூடும். டிரைவரின் சாய்வே பெரும்பாலும் 9 முதல் 12 பாகைக்குள். பேர்வேயில் அடிக்க வைத்திருக்கும் மூன்றாம் எண் மரக்கோலுக்கு 15 பாகை. சாய்வு குறையக் குறைய, முகம் கொஞ்சம் திறந்திருந்தாலும் (குறியை விட்டு வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலும்) பந்து பக்கவாட்டில் அதிகம் வளையும். வலக்கைக்காரருக்கு இந்த அடி வலப்பக்கம் ஓடுவது அதனால்தான். கை வேகம் குறைந்தவர் அடித்தால் பந்து எழும்பவே எழும்பாது.

அப்படியிருந்தும் ஏன் அடிக்கிறார்கள்? ஐந்து அடிகளில் முடிக்க வேண்டிய நீளமான குழியில் (பார் 5) இரண்டாவது அடியிலேயே பச்சைக்கு (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) பக்கத்தில் போக வேண்டும் என்றால், எதிர்காற்று பலமாக இருந்தால், முன்னால் மரக்கிளை தாழ்ந்திருந்து அதற்கடியில் நீண்ட தூரம் போக வேண்டும் என்றால். பையில் 14 கோலுக்கு மேல் வைக்கக்கூடாது என்ற விதியால் மூன்றாம் எண் மரக்கோலை வீட்டிலேயே விட்டு வருகிறவர்களும் உண்டு. அந்தக் கால பெர்சிமன் மரத் தலைகள் இன்றையதைவிட மிகச் சிறியவை, முகமும் தாழ்வானது. அவற்றைத் தரையில் வைத்து அடிப்பது இப்போதைப்போல் அவ்வளவு பெரிய துணிச்சலாக இருந்ததில்லை.

இங்கே இன்னொரு செய்தியும் சேர வேண்டும், நம் ஊர்ப் புல். பழைய திடல்கள் பலவற்றில் இருப்பது அகன்ற இலை கொண்ட கௌ கிராஸ். ஒழுங்காக வெட்டி, காய்ந்தும் இருந்தால் பந்து இலைமேல் ஒரு நூலளவு உயர்ந்து நிற்கும். அந்த இடத்தில் இந்த அடியை முயன்று பார்க்கலாம். வளர்ந்துவிட்டாலோ பந்து உள்ளே அமுங்கிக் கிடக்கும். மாலை மழைக்குப் பிறகு தரை குழைந்திருக்கும்போது முயலவே கூடாது. தலையின் அடி சேற்றில் மாட்டும், பந்தும் விழுந்த இடத்தில் ஓடாது. இதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடப்போகிறேன். வெளிநாட்டுப் பயிற்சிக் காணொளிகளைப் பார்த்துவிட்டு இங்கே ஈரத்தில் முயல்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் கிள்ளான் ஆசிரியை அம்மாவின் ‘வெறுந்தரை அடி’. கேட்டதும் மனம் ஒட்டிக்கொண்ட சொல் இதுதான். வெறுங்கை, வெறுங்கால், வெறும்வயிறு என்ற வரிசையில், இருக்க வேண்டியது இல்லாமல் என்ற பொருள் தானாக வந்துவிடுகிறது. ஆனால் குழிப்பந்தில் புல்லே இல்லாத கட்டாந்தரைக்கு ஒரு சொல் தேவைப்படுகிறது அம்மா. மரத்தடியில், வண்டி போகிற தடத்தில் பந்து போய் நிற்கும் இடம் அது. அதற்கு ‘வெறுந்தரை’யைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. அந்த இடத்துக்கென்று அதை ஒதுக்கி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், புல்மேல் முயல வேண்டிய அடியைக் கட்டாந்தரையில் முயல்வார்கள். கோலும் கெடும், மணிக்கட்டும் நோகும்.

‘தளத்தடி’ பற்றி ஒரு வரி போதும். டெக் என்பது அங்கே கப்பலின் மேல்தளம். ஆங்கிலப் பேச்சில் அது தரையைக் குறிக்க வந்தது. தமிழில் தளம் என்றால் யாருக்கும் புல் நினைவுக்கு வராது.

இப்போது ‘அடி’யா ‘வீச்சா’ என்ற கேள்வி. எனக்கு இதுதான் முக்கியம். ‘அடி’ என்றால் மேலிருந்து கீழே இறங்குவது. முளை அடிக்கிறோம், ஆணி அடிக்கிறோம். இரும்புக்கோலுக்கு அது சரி. அங்கே பந்தை முதலில் தொட்டு, பிறகு மண்ணைக் கீறிக்கொண்டு கோல் இறங்கத்தான் வேண்டும். டிரைவரைத் தரையில் வைத்து அப்படி இறக்கினால் பந்து இரண்டு ஆள் தூரம்கூடப் போகாது. இதில் கோல் தரையை ஒட்டி வந்து, பந்தை வாரிக்கொண்டு, தரையை ஒட்டியே போக வேண்டும். தோட்டத்தில் புல்வெட்டுக் கத்தியை நிலத்துக்கு இணையாக வீசுகிறவரின் கை எப்படிப் போகுமோ, அப்படி. பந்தை முளையில் வைக்கும்போது முன்காலுக்கு நேரே வைப்போம். இதற்கு அதைவிட ஒரு பந்தளவு பின்னால் வைக்க வேண்டும். பந்தைத் தூக்கிவிடப் பார்த்து உடம்பைப் பின்னால் சாய்க்கக்கூடாது. முகத்தைக் கொஞ்சம் திறந்து வைத்து, வலப்பக்கம் வளையும் என்று முன்கூட்டியே கணக்கு வைத்து இடப்பக்கம் குறி பார்ப்பது நல்லது. இத்தனைக்கும் ஒரே சொல்லில் நினைவூட்டல் வேண்டுமென்றால் அது வீச்சுதான். பயிற்சிக்குப் போகும் பிள்ளை பெயரைக் கேட்டதுமே கையை எப்படிக் கொண்டுபோக வேண்டும் என்று தெரிந்துகொள்வான்.

காஜாங் நண்பர் ஒரு மறுப்பு எழுதியிருந்தார்:

> வீச்சு என்றால் கிரிக்கெட்டில் பந்துவீச்சு. எறிவதற்கும் அடிப்பதற்கும் ஒரே சொல்லா?

நியாயமான கேள்வி. அங்கே வீசப்படுவது பந்து. இங்கே வீசப்படுவது கோல். வாள்வீச்சு, அரிவாள் வீச்சு என்று கருவியோடு சேர்த்துச் சொல்லும் வழக்கம் கிரிக்கெட்டுக்கு வெகு முன்பிருந்தே தமிழில் இருக்கிறது. ‘நெடுவீச்சு’ என்று முன்னால் ஓர் அடை வந்துவிட்டால் பந்துவீச்சோடு குழம்பாது.

ஆகவே என் பரிந்துரை இப்படி வருகிறது. டிரைவருக்கு ‘நெடுங்கோல்’. புட்டர்களில் (பச்சையில் பந்தை உருட்டும் கோல்) சில இதைவிட நீளமாக இருந்தாலும் மற்ற எல்லாக் கோலிலும் நீளமானது இதுதான். புட்டர் தவிர எல்லாக் கோல்களுக்கும் நீள வரம்பு 48 அங்குலம். 2022 முதல் உயர்மட்டப் போட்டிகளில் 46 அங்குலம் என்று கட்டுப்படுத்தவும் இடமுண்டு. அந்த விதியே பெரும்பாலும் இந்தக் கோலை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. எழுதுகோல், அளவுகோல், வளைகோல் வரிசையில் நெடுங்கோல் இயல்பாக நிற்கிறது. ‘கொடுங்கோல்’ போல ஒலிக்கிறது என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். ஒலி நெருக்கம் உண்டுதான். ஆனால் கொடுங்கோல் ஆட்சியைப் பற்றிய பேச்சில் வருகிற சொல். பந்தும் புல்லும் இருக்கிற வாக்கியத்தில் யாரும் அதை நினைக்க மாட்டார்கள்.

அதைக்கொண்டு அடிப்பது ‘நெடுவீச்சு’. முளை வைத்து அடிப்பதுதான் வழக்கம் என்பதால் அதற்கு வேறு அடைமொழி வேண்டாம். முளை இல்லாமல் தரையிலிருந்தே அடித்தால் ‘தரை நெடுவீச்சு’.

‘தரை’ என்றால் பந்து தரையில் உருண்டு போவதுபோல் தோன்றாதா என்று ஈப்போ ஐயா கேட்பார் என்று தெரியும். கரைவலை இருக்கிறதே ஐயா. வலை கடலில்தான் விரிகிறது; கரையில் நின்று இழுப்பதால் கரைவலை. வேலை நடக்கும் இடத்தைக் கொண்டு பெயர் வைப்பது நம் மொழியில் பழகிய வழி.

‘பேர்வே’ என்பதையும் சொல்லுக்குள் கொண்டுவர வேண்டும் என்று இருவர் கேட்டிருந்தார்கள். வேண்டாம் என்கிறேன். 2019இல் திருத்திய விதிகள் திடலை ஐந்து பகுதிகளாகப் பிரிக்கின்றன: தொடக்கத் திடல், பொதுப்பகுதி, மணற்குழி, தண்டப்பகுதி (நீர்நிலை போன்றவை), பச்சை. பேர்வே தனிப் பகுதியாக அதில் இல்லை, பொதுப்பகுதிக்குள் அடக்கம். மேலும் தொடக்கத் திடலிலேயே பந்தை முளை இல்லாமல் தரையில் வைத்து அடிக்கவும் விதி அனுமதிக்கிறது. கடும் எதிர்காற்றில் தாழ்வாக அடிக்க அப்படிச் செய்தால் அதுவும் தரை நெடுவீச்சே.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள், நெடுங்கோல் மேலும் சரி, தரை நெடுவீச்சு மேலும் சரி. ஆடாதவர்கள் கருத்தும் வேண்டும். சொல்லை முதலில் படிக்கப்போவது அவர்களைப் போன்ற பிள்ளைகளும் பெற்றோரும்தான். அடுத்த மடலில், கோல் பந்துக்கு முன்பே மண்ணில் இடித்துவிடும் தவறான அடிக்கு என்ன சொல்வது என்று பேச வேண்டும். இந்தக் கையேட்டின் அந்தப் பக்கத்தில் தரை நெடுவீச்சுக்கு அடுத்து அதிகம் வரப்போகிற சொல் அது. ஈப்போ ஐயா, உங்கள் ‘அடி’யை நான் அங்கே எடுத்துக்கொள்ளலாமா?

அன்புடன்,
பீடோங், கெடா