'கோலமாவு கோகிலா': மகனோட பார்க்கலாமா?

ஸ்தோத்திரம். மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுறேன். படிவம் 1 படிக்கிற மகன் 'கோலமாவு கோகிலா' (2018) பார்க்கணும்னு ஒரே பிடிவாதம். முதல்ல நானே பார்த்துட்டேன். அம்மாவோட புற்றுநோய் சிகிச்சைக்குக் காசில்லாம மகள் போதைப்பொருள் கடத்துறா. கொலை, ரத்தம்கூட எனக்குப் பெருசாப் படலை. குடும்பமே சேர்ந்து கடத்தும்போது, மாட்டிக்கக் கூடாதேன்னு என் மனசே பதறுச்சு! நம்ம தோட்டத்து லயத்து வீடுகள்ல போதை பையன்களை எப்படித் தின்னுச்சுன்னு பார்த்தவ நான்.

நன்மை வரும்னு தீமை செய்யலாமான்னு பைபிள்ல ரோமர் 3:8-ஐ மகனுக்குக் காட்டினேன். சோறு பிசைஞ்ச கையை அப்படியே நிறுத்தி, "அம்மாவுக்காகத்தானேம்மா செஞ்சா?"ன்னான். எனக்கு வாயடைச்சுப் போச்சு.

13 வயசுப் பிள்ளையோட உட்கார்ந்து பார்த்த அக்காமார் இருக்கீங்களா? எந்த இடத்துல நிறுத்தி, என்ன பேசினீங்க? இல்ல, 16 ஆகட்டும்னு தள்ளிப் போடவா?