முன்மொழிவில் நான் எழுதிய முதல் குறிக்கோள்

தருமபுரி மாவட்ட மலையோரக் கிராமங்களில் வளரிளம் பெண்களின் இரத்தசோகையைக் குறைப்பதற்கான திட்ட முன்மொழிவில், ‘இரத்தசோகையற்ற தலைமுறையை உருவாக்குதல்’ என்பதை நெடுங்கால நோக்கமாகவும், ‘20 விழிப்புணர்வு முகாம்கள் நடத்துதல்’ என்பதைத் திட்டக் காலத்துக்குள் எட்ட வேண்டிய குறிக்கோளாகவும் எழுதி அனுப்பினேன். அதைப் படித்த, நிதி வழங்கும் நிறுவனத்தின் அலுவலர் தொலைபேசியில் அழைத்து, “முகாம் நடத்துவது நீங்கள் செய்யும் வேலை; அதனால் அந்தப் பிள்ளைகளிடம் என்ன மாறும், மாறியதை எப்படிக் கண்டறிவீர்கள்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது என்று எழுதியிருந்தேனே தவிர, நாங்கள் பணியாற்றவிருந்த பள்ளிகளை நேரில் பார்த்திருக்கவில்லை. மறுவாரம் சென்றேன். வாரந்தோறும் வழங்கப்படும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரைகள், வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே செம்பருத்திச் செடியின் அடியில் சாயம் கசிந்து கிடந்தன. மாத்திரை எதற்கென்று கேட்டால் எல்லோரும் சரியாகவே சொன்னார்கள். ஆனால் காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளைகளுக்கு முதல் பாடவேளையிலேயே கொடுத்ததால், குமட்டலுக்கு அஞ்சி வாயில் ஒதுக்கி வைத்துத் துப்பியிருக்கிறார்கள்.

குறிக்கோளை இவ்வாறு மாற்றினேன்: ‘18 மாத முடிவில், மூன்று பள்ளிகளிலும் மாணவிகளில் பத்தில் எட்டுப் பேரேனும் மதிய உணவுக்குப் பிறகு ஆசிரியர் முன்னிலையில் மாத்திரையை விழுங்குவர், ஈமோகுளோபின் ஒரு டெசிலிட்டர் இரத்தத்துக்கு 12 கிராமுக்குக் கீழே உள்ளவர்களின் எண்ணிக்கை, தொடக்கப் பரிசோதனையில் இருந்ததைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும்.’ நோக்கத்திலிருந்த ‘தலைமுறை’ என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன். மூன்று பள்ளிகளை வைத்துக்கொண்டு அதைச் சொல்வது முறையன்று.

*

(இதைப் படித்த மற்றோர் அமைப்பினரின் பதில்) சகோதரி, இதே தவற்றை நாங்களும் செய்தோம். ‘50 பெண்களுக்குத் தையற்பயிற்சி அளித்தல்’ என்று எழுதி, அதை அப்படியே நிறைவேற்றியும் காட்டினோம். ஓராண்டு கழித்து ஒரு வீட்டுக்குச் சென்றபோது, சான்றிதழ் சட்டமிட்டுச் சுவரில் தொங்கியது. நாங்கள் கொடுத்த தையல் இயந்திரத்தின்மேல் துவைத்த துணிகள் குவிந்திருந்தன. பெல்ட் அறுந்து நான்கு மாதமாயிற்று, மாற்றித் தர ஊரில் ஆளில்லை என்றார் அந்தப் பெண். அடுத்த முன்மொழிவில், பயிற்சி முடிந்த ஆறாம் மாதத்தில் தையல் கூலியாகக் கையில் கிடைக்கும் தொகையையே குறிக்கோளாக வைத்தோம்; அப்படி எழுதிய பிறகுதான் இயந்திரப் பராமரிப்புக்கான செலவும் எங்கள் வரவு செலவுக் கணக்கில் இடம்பெற்றது. ஒன்று கேட்க விரும்புகிறேன்: கோடை விடுமுறையில் அந்த மாத்திரையை யார் கொடுக்கிறார்கள்?

*

(என் மறுமொழி) கோடை விடுமுறையைப் பற்றி நான் எழுதவில்லை. அங்கன்வாடிப் பணியாளர்களிடம் பேசிவிட்டு, அரையாண்டு அறிக்கையுடன் திருத்தமாகச் சேர்த்து அனுப்புகிறேன்.