கையையும் உடுப்பையும் பார்த்து ஆளின்ர தொழிலைச் சொல்லலாமா? யாழ்ப்பாணத்துக்குப் பொருந்துற மாதிரி வேணும்

மருதடியான் (கேள்வி):
எல்லாருக்கும் வணக்கம். சிறுகதை ஒண்டு எழுதுறன். அதில ஒருத்தன் யாழ்ப்பாண பஸ் நிலையத்தில பக்கத்தில இருக்கிற ஆளை ஒரு சொல்லும் கேக்காமல், கையையும் உடுப்பையும் பார்த்தே என்ன தொழில் எண்டு பிடிக்க வேணும். வெளிநாட்டுத் துப்பறியும் கதையளில வாறது தொப்பி, கையுறை, சப்பாத்துச் சேறு. இங்க சாரமும் செருப்பும்தானே. எங்கட தொழிலுகளுக்கு எந்தெந்த அடையாளம் பொருந்தும்? எங்க பிழைக்கும் எண்டதையும் சொல்லுங்கோ. அவன் ஒருக்கால் பிழையாச் சொல்லவும் வேணும்.

செம்பாட்டான்:
தம்பி, முதல் ஆயுதத்தை யோசியுங்கோ, பிறகு கையைப் பாருங்கோ. ஆயுதம் எங்க உரஞ்சுதோ அங்கதான் காய்ப்பு விழும். மண்வெட்டி பிடிக்கிறவருக்கு விரலுகள் தொடங்கிற அடியில, ரெண்டு உள்ளங்கையிலயும் இருக்கும். ஜிம்முக்குப் போற பெடியனுக்கும் அதே இடம்தான். உங்கட ஆள் பிழைவிட இது நல்ல இடம். வித்தியாசத்தை நகக்கண்ணிலயும் குதியிலயும் பாக்க வேணும். சுன்னாகம், உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துத் தோட்டக்காரருக்குக் குதி வெடிப்புக்குள்ள செம்மண் இறங்கி, தேய்ச்சுக் குளிச்சாலும் சிவப்புக் கோடாத் தெரியும். மண்ணில இருக்கிற இரும்புதான் அந்த நிறத்துக்குக் காரணம். வெள்ளை வேட்டியில பட்டால் குளோரினுக்கும் அசையாது, தேசிக்காய்ப் புளி மாதிரிப் புளிப்புக்குத்தான் இளகும். வடமராட்சிக் கரையோரமும் தென்மராட்சியும் மணல் பாங்கு. கொடிகாமத்து ஆளுக்குச் சிவப்புக் குதி எழுதிப்போடாதேங்கோ.

புகையிலைக் கறையைக் கட்டாயம் கதையில சேருங்கோ, ஏனெண்டால் ஒரே இலை மூண்டு பேரின்ர கையில மூண்டு விதமாப் பிடிக்கும். தோட்டத்தில குருத்து முறிச்சுப் பக்கத் தளிர் கிள்ளுறவருக்குப் பெருவிரலும் சுட்டுவிரலும் நுனியில கறுக்கும். பச்சை இலைப் பிசின் காத்துப்பட்டுக் கறுத்து ஒட்டிப்போறது அது. சவர்க்காரம் மட்டும் போட்டால் போகாது, தேங்காயெண்ணெய் தடவித் துடைச்சுப்போட்டுக் கழுவ வேணும். சுருட்டுச் சுத்துறவர் பிடிக்கிறது பதப்படுத்தின இலை. அதால கறை மண்ணிறம், உருட்டுற உள்ளங்கையிலயும் பரவியிருக்கும். சிகரெட் பத்துறவருக்கு மஞ்சள், அதுவும் ஒரு கையில மட்டும், சுட்டுவிரலும் நடுவிரலும் ஒண்டையொண்டு பாக்கிற பக்கத்தில. நிறத்தை விடக் கறை இருக்கிற இடத்தை நம்புங்கோ. இன்னொரு பொறி: தக்காளியில தளிர் கிள்ளினாலும் விரல் கறுக்கும். கழுவேக்க நுரை மஞ்சள் பச்சையா ஓடினால் அது தக்காளி.

பனை சீவுறவரின்ர உள்ளங்கையை மட்டும் பார்த்தால் தவறவிடுவீங்கள். மரத்தைக் கட்டிப்பிடிச்சு ஏறுறதால முன்னங்கையின்ர உட்பக்கமும் நெஞ்சும் தடிச்சிருக்கும், தளைநார் படுற இடத்தில பாதமும் காய்ச்சிருக்கும்.

ஊசிநூல்:
உடுப்பில, ஆள் யோசிக்காமல் விட்ட இடங்களைத்தான் பாக்க வேணும். சேட்டின்ர பெயரைப் பார்த்து வசதியை அளக்கிறது இங்க சரிவராது. கனடாவில, லண்டனில இருந்து சொந்தக்காரர் அனுப்பின விலைகூடின சேட்டோட கூலிவேலைக்குப் போறவை எத்தினையோ பேர். அளவைப் பாருங்கோ. தோள் தையல் தோள்மூட்டைத் தாண்டிக் கீழ விழுந்தால் அந்தச் சேட்டு வேற ஆளுக்கு வாங்கினது. காற்சட்டையின்ர கீழ் மடிப்பை இறக்கித் தைச்சிருந்தால் பழைய மடிப்பு இருந்த இடத்தில ஒரு கோடு தெரியும். பொத்தான் நாலும் ஒரு நூல், அஞ்சாவது வேற நூல் எண்டால் வீட்டில கையால தைச்சது. கொலரைத் திருப்பித் தைச்சிருந்தால், அந்தச் சேட்டை விட மனமில்லாத ஒருத்தர்.

சைக்கிளில வந்தவரைக் கண்டுபிடிக்கிறது சுகம். சங்கிலி வலப்பக்கம். ஆனபடியால் கிறீஸ் வலக்கால் உள்பக்கத்தில, கணுக்காலுக்குக் கொஞ்சம் மேல. இடக்காலில இருந்தால் அது சைக்கிள் கிறீஸ் இல்லை. மோட்டார் சைக்கிள்காரருக்கு இடக்காலில, கியரைத் தூக்கிற சப்பாத்து நுனியின்ர மேல்பக்கம் தேஞ்சிருக்கும், செருப்பெண்டால் பெருவிரலின்ர மேல கறுப்பாயிருக்கும். நுனியாலயும் குதியாலயும் மிதிக்கிற கியர்க்கட்டை பூட்டின பைக்கில இந்த அடையாளம் விழாது, ஸ்கூட்டருக்குக் காலால போடுற கியரே இல்லை. ஓட்டோக்காரரின்ர கியரும் கிளச்சும் இடக்கைப் பிடியிலதான், அதால பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில இருக்கிற தோலை ரெண்டு கையிலயும் ஒப்பிட்டுப் பாருங்கோ. பஸ், லொறி ஓட்டுறவைக்கு ஜன்னல் பக்க வலக்கை கறுப்புக் கூட.

தையல்காரருக்குக் கத்தரிக்கோலால பெருவிரல் மொழியில காய்ப்பு, இடக்கைச் சுட்டுவிரல் நுனியில ஊசிப்புள்ளி, சாரத்தில நூல்துண்டு.

கரையோரத்தான்:
கடல் தொழிலுக்கு ரெண்டு வரி. தூண்டில் தங்கூசி இழுக்கிறவருக்குச் சுட்டுவிரல் மடிப்பில குறுக்கு வெட்டுகள், உப்புத் தண்ணியில கெதியா ஆறாது. நண்டு வலை கழட்டுறவருக்கு விரல் நுனி முழுக்கச் சின்னச் சின்னக் குத்துக் காயம், நண்டின்ர ஓட்டு முள்ளும் கடியனும் (கொடுக்கு) செய்யிற வேலை. உடம்பு நிறத்தையும் பாருங்கோ. வெறும் மேலோட வேலை செய்யிறவர் ஒரே சீராக் கறுத்திருப்பார், சேட்டோட வெயிலில நிக்கிறவருக்குக் கழுத்திலயும் கையிலயும் எல்லை விழும்.

மருதடியான்:
நன்றி அண்ணை. அப்ப கதையை நல்லூர் கோயிலுக்கு மாத்தினால்? ஆம்பிளையள் எல்லாரும் மேற்சட்டை இல்லாமல் வேட்டியோட. உடுப்பு ஒண்டும் சொல்லாது, ஆனால் அந்த எல்லைக்கோடு வெளியில தெரியும்! மேளக்காரரின்ர கையைப் பற்றியும் ஆராவது சொல்லுங்கோ.

இணுவிலான்:
தவில்காரர் வலக்கை விரல்களுக்குக் கூடு போட்டுத்தான் வாசிப்பார். ஆகவே விரல் நுனியில எதிர்பார்க்கிற காய்ப்பு இராது, கூடு இறுக்கின தடம்தான் இருக்கும். இடக்கையில கழி பிடிக்கிற காய்ப்பு. வீணைக்கு இடக்கைச் சுட்டுவிரல், நடுவிரல் நுனிகளில ஆழமான பள்ளம், வயலினுக்கு அதை விட மெல்லிய கோடுகள். மேற்கத்தேய வயலின்காரருக்குத் தாடைக்குக் கீழ விழுகிற தழும்பை எங்கட ஆக்களிட்டைத் தேடாதேங்கோ. நிலத்தில இருந்து, வாத்தியத்தின்ர தலையைக் காலில ஊண்டி வாசிக்கிறதால தாடை அதை இறுக்கிப் பிடிக்கிறதில்லை.

ஓய்வுபெற்ற தாதி:
இணுவிலான் சொன்னது முக்கியமான விசயம். எடின்பரோ அறுவை மருத்துவர் ஜோசப் பெல் (1837–1911), காற்சட்டையின் முழங்கால் உட்பக்கம் தேய்ந்திருந்தால் ஆள் சப்பாத்துத் தைப்பவர் என்பாராம், தோல் தட்டும் கல்லை அங்கே வைப்பதால். இங்கே நிலத்தில் சம்மணமிட்டு வேலை செய்பவருக்கு அந்த அடையாளம் விழாது. எந்த அடையாளத்தையும் இருக்கும் முறையோடு சேர்த்தே படிக்கவேண்டும்.

மேசன்மாரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரச் சீமெந்து கடும் காரம். தோலின் எண்ணெயை எடுத்து, விரல் நுனியை வறட்டி வெடிக்கவைக்கும். கல்லைத் தூக்கித் தூக்கி ரேகை தேய்ந்து, கைரேகை இயந்திரம் பிடிக்காமல் போவதும் உண்டு. ஆனால் பாத்திரம் கழுவும் கையும், சவர்க்காரம் ஒவ்வாத கையும் அதே மாதிரி வெடிக்கும். சீமெந்து என்றால் நகத்தோரத்தில் சாம்பல் நிறம் தங்கியிருக்கும்.

பிழை வருவதற்குப் பெரிய காரணம் காலம். தொழிலை விட்டுச் சில மாதத்தில் காய்ப்பு மெலிந்துவிடும். நகத்தில் காலத்தைக் கணக்கிடலாம்: கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வளரும். சுத்தியல் பட்ட கறுப்பு நகத்தடியில் இருந்து 6 மில்லிமீற்றர் மேலே நின்றால் அடி பட்டு இரண்டு மாதம். கால்நகம் இதில் பாதி வேகம்கூட இல்லை.

ஒரு வேண்டுகோள், தம்பி. உங்கள் பாத்திரம் கையைப் பார்த்துத் தொழிலைச் சொல்லட்டும், அங்கிருந்து சாதிக்குத் தாவவேண்டாம். காய்ப்பு சொல்வது அந்த ஆள் பிடித்த ஆயுதத்தை மட்டும். நமது ஊரில் உடுப்பை வைத்து ஆளைத் தள்ளிவைத்த காலம் இருந்தது, அந்தப் பார்வை கதைக்குள் கெட்டிக்காரத்தனமாக வரக்கூடாது. பெண்களின் கழுத்தையும் கால்விரலையும் பார்த்துக் கலியாணம் கட்டியவரா என்று ஊகிப்பதும் வேண்டாம். தாலி சட்டைக்குள் இருக்கும், மெட்டி எல்லாரும் போடுவதில்லை.

1700 இல் இத்தாலிய மருத்துவர் ரமாசினி, நோயாளியிடம் வழமையாகக் கேட்கும் கேள்விகளோடு "என்ன தொழில்?" என்பதையும் கேளுங்கள் என்று வைத்தியர்களுக்கு எழுதினார். உங்கள் ஆள் ஊகித்துவிட்டு, கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்கட்டும். பிழைவிட்டதும் அப்போதுதான் அவனுக்குத் தெரியவரும்.