விலை உயர்ந்த வயர்லெஸ் கேமிங் மவுஸ்: கொடுக்கும் பணத்துக்குத் தகுந்த பயன் உண்டா?

கேள்வி

வணக்கம். ஆறு ஆண்டுகளாக ஒரே வயர் மவுஸைப் பயன்படுத்தி வருகிறேன். பகலில் அலுவலக வேலைக்கும் இரவில் இரண்டு மணி நேரத் துப்பாக்கிச் சுடும் விளையாட்டுக்கும் அதுதான். அதில் பழுது எதுவும் இல்லை. ஆனால் விளையாட்டில் இடப்பக்கம் சட்டென்று திரும்பும்போது வயர் மானிட்டரின் காலில் மாட்டிக்கொள்கிறது. கை ஒரு கணம் தடைபட, குறி எதிரியைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிடுகிறது. மேசையைத் துடைத்து, வயரை மாற்றி மாற்றி வளைத்துப் பார்த்தும் இது தீரவில்லை.

எனவே வயர்லெஸ் மவுஸ் வாங்கலாம் என்று தேடினேன். முன்னணி மாடல்களின் விலை என்னிடம் இருக்கும் மவுஸின் விலையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் இருக்கிறது. 30,000 டிபிஐ, 8,000 ஹெர்ட்ஸ், 60 கிராம் என்று விளம்பரங்களில் எண்கள் அடுக்கப்பட்டுள்ளன. என் மவுஸ் ஏறத்தாழ 105 கிராம். திரை 144 ஹெர்ட்ஸ். வயர்லெஸ் மவுஸில் தாமதம் இருக்கும் என்று முன்பு நண்பர்கள் சொன்னதும் நினைவில் நிற்கிறது. இந்த எண்களில் எவை என் கைக்கு உண்மையிலேயே தெரியும், எவற்றுக்காக நான் வீணாகப் பணம் கொடுப்பேன் என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

தாமதம் பற்றிய அச்சத்தை முதலில் விட்டுவிடலாம். சாதாரண மவுஸ் ஒரு நொடிக்கு 125 முறை தன் நிலையைக் கணினிக்குச் சொல்லும். அதாவது 8 மில்லிநொடிக்கு ஒருமுறை. கேமிங் மவுஸ், வயர் உள்ளதோ இல்லாததோ, நொடிக்கு 1,000 முறை, அதாவது ஒரு மில்லிநொடிக்கு ஒருமுறை சொல்கிறது. கணினியில் செருகும் தனி யுஎஸ்பி ரிசீவருடன் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் நல்ல வயர்லெஸ் மவுஸுக்கும் வயர் மவுஸுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட யாராலும் முடியாது என்பது என் எண்ணம். புளூடூத் மட்டும் வேறு கதை. அலுவலக வேலைக்கு அது போதும், விளையாட்டுக்கு வேண்டாம்.

8,000 ஹெர்ட்ஸ் என்றால் 0.125 மில்லிநொடிக்கு ஒரு தகவல். உங்கள் 144 ஹெர்ட்ஸ் திரையோ ஏறத்தாழ 7 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் புதிய படத்தைக் காட்டுகிறது. ஒரு மில்லிநொடியை எட்டில் ஒரு பங்காகக் குறைப்பதால் கிடைக்கும் ஆதாயம் அந்த 7 மில்லிநொடிக்குள் கரைந்துபோகும். அதற்குப் பதிலாகப் பேட்டரி விரைவாகத் தீரும், பிராசசரின் சுமையும் கூடும். டிபிஐ, அதாவது மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் குறி எத்தனை பிக்சல் நகரும் என்ற எண், இன்னும் பொருளற்றது. 30,000 டிபிஐயில் வைத்தால், 1,920 பிக்சல் அகலமுள்ள திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குறி போய்ச்சேர மவுஸ் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நகர்ந்தாலே போதும். அப்படி வைத்துக்கொண்டு யாரும் குறி பார்க்க முடியாது. சுடும் விளையாட்டுகளை ஆடுவோரில் பெரும்பாலோர் 400 முதல் 1,600 வரைக்குள்தான் வைத்துக்கொள்கிறார்கள். மவுஸின் நகர்வைக் கண்டறியும் சென்சாரைப் பற்றியும் கவலை வேண்டாம். பிக்ஸ்ஆர்ட் 3395 போன்ற தரமான சென்சார்கள் இன்று நடுத்தர விலை மவுஸ்கள் பலவற்றிலேயே வந்துவிட்டன.

கைக்குத் தெரிவது எடை. 2018இல் வந்த லாஜிடெக் ஜி ப்ரோ வயர்லெஸ் 80 கிராம். 2020இல் வந்த அதன் சூப்பர்லைட் வடிவம் 63 கிராமுக்கும் கீழே. 2022இல் ரேசர் வைப்பர் வி2 ப்ரோ 58 கிராம். பேட்டரியையும் உள்ளே வைத்துக்கொண்டு, அழுத்தினால் நெளியாத கூட்டை இந்த எடைக்குள் கொண்டுவருவது எளிதன்று. நீங்கள் கொடுக்கும் கூடுதல் விலையில் பெரும்பகுதி இதற்குத்தான் போகிறது என்றே நான் கருதுகிறேன். மவுஸை நகர்த்துவதைவிட நிறுத்துவதுதான் கடினம். சட்டென்று திரும்பி எதிரியின் மேல் குறியை நிறுத்தும்போது 105 கிராம் மவுஸ் தன் வேகத்தில் கொஞ்சம் தாண்டிப் போகும், நீங்கள் அதைத் திரும்ப இழுப்பீர்கள். எடை பாதியானால் அந்த இழுப்பு வெகுவாகக் குறைகிறது.

ஆனால் எடையையும் தோற்கடிக்கும் ஒன்று உண்டு, அது வடிவம். உள்ளங்கை முழுவதையும் மவுஸின் மேல் படியவைத்துப் பிடிப்பவருக்குப் பின்பக்க மேடு உயரமாக இருக்க வேண்டும். விரல் நுனிகளால் மட்டும் பிடிப்பவருக்கு அதே மேடு இடைஞ்சல். உங்கள் நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரையுள்ள நீளத்தை அளந்து, மவுஸின் நீள அகலங்களுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். முடிந்தால் யாரிடமாவது வாங்கி ஒரு மணி நேரமாவது பிடித்துப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். கைக்குப் பொருந்தாத மவுஸ் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் ஒரு மாதத்தில் இழுப்பறைக்குள் போய்விடும்.

மறுமொழி 2

முந்தைய விளக்கத்துடன் ஒத்துப்போகிறேன்; ஆனால் யாரும் விளம்பரத்தில் எழுதாத ஒன்றைச் சொல்ல வேண்டும். விலை அதிகம் என்பதால் ஆயுளும் அதிகம் என்று எண்ணிவிடாதீர்கள். நான் வாங்கிய விலை உயர்ந்த வயர்லெஸ் மவுஸ் ஒன்று பதினான்காவது மாதத்தில் ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை அழுத்தியதாகக் கணக்கெடுக்கத் தொடங்கியது. ஒரு கோப்பை இழுத்துக்கொண்டு போகும்போது பாதி வழியில் கைநழுவி வேறொரு ஃபோல்டரில் விழுந்துவிடும். விளையாட்டில் வலது பொத்தானை அழுத்திப் பிடித்துத் தொலைநோக்கி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கையில் அது தானாக மூடிக்கொள்ளும். வாரண்டி அப்போது முடிந்திருந்தது. அவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய பொருள் இப்படி ஆனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

இதற்குக் காரணம் பொத்தானின் அடியில் இருக்கும் சிறிய சுவிட்ச்தான். அதில் ஓர் உலோகத் தகடு இன்னோர் உலோகப் புள்ளியைத் தொடும்போது சுற்று இணைகிறது. தொட்டவுடன் தகடு மிக நுண்ணிய அளவில் துள்ளும் என்பதால், முதல் தொடுகைக்குப் பின் சில மில்லிநொடிகளுக்கு வருவதை மவுஸின் மென்பொருள் கணக்கில் எடுப்பதில்லை. நாளடைவில் தகடு தளர்ந்து, தொடுமுனையும் தேய்ந்துவிட்டால் துள்ளல் அந்த இடைவெளியையும் தாண்டி நீள்கிறது. அதைத்தான் கணினி இரண்டாவது அழுத்தமாக எடுத்துக்கொள்கிறது. ஆப்டிகல் சுவிட்சில் உலோகத் தொடுகைக்குப் பதில் ஓர் ஒளிக்கற்றை மறைக்கப்படுவதோ விடப்படுவதோதான் அடையாளம் என்பதால் இந்தக் குறை அங்கே எழுவதில்லை. என் இரண்டாவது மவுஸை இந்த ஒன்றைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன், விலையைப் பார்த்து அல்ல.

பேட்டரியையும் யோசியுங்கள். லித்தியம் பேட்டரி ஆண்டுகள் செல்லச் செல்லக் கொள்ளளவை இழக்கும். பல மவுஸ்களில் திருகாணிகள் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டைகளுக்குக் கீழே மறைந்திருக்கின்றன. பட்டையை உரித்துத் திறந்தால் அது மடங்கிப்போய், மறுபடி சமமாக ஒட்டாது. மாற்றுப் பட்டைகள் தனியாகக் கிடைக்கும் மாடலாகப் பார்த்து வாங்குவது நல்லது.

மறுமொழி 3

நான் சற்று மாறுபடுகிறேன். நாள் முழுவதும் கையில் இருக்கும் கருவி அது. உயர்விலை மவுஸ் வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன; ஒரு நாளும் வருந்தியதில்லை. கனமான மவுஸிலிருந்து மாறிய முதல் வாரம் மட்டும் என் குறி ஒவ்வொரு முறையும் இலக்கைத் தாண்டி ஓடியது; கை பழைய விசையிலேயே தள்ளிக்கொண்டிருந்ததுதான் காரணம். வாங்கிய மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடாமல் பத்து நாள்களாவது பொறுத்திருங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மறுமொழிகளைப் படித்த பின் ஒரு சோதனை செய்தேன். மவுஸின் வயரை மேசையில் கிடக்கவிடாமல், கொஞ்சம் தளர்ச்சி கொடுத்து மானிட்டரின் மேல்விளிம்பில் டேப் போட்டு ஒட்டினேன். இடப்பக்கத் திருப்பத்தில் இருந்த தடை பாதிக்கு மேல் போய்விட்டது. ஆனால் நிறுத்தும் இடத்தில் குறி தாண்டுவது அப்படியே இருக்கிறது. அது எடையின் வேலை என்பது இப்போது விளங்குகிறது. கையை அளந்தேன், 18 சென்டிமீட்டர். விரல் நுனிகளால் பிடிக்கும் பழக்கம் எனக்கு என்பதும், பழைய மவுஸின் மேடு என் உள்ளங்கையை இவ்வளவு நாளும் தள்ளிக்கொண்டிருந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தன. எனவே உச்ச விலை மாடலை விட்டுவிட்டு, 65 கிராமுக்குள், மேடு தாழ்ந்த, ஆப்டிகல் சுவிட்ச் உள்ள நடுத்தர விலை மவுஸ் ஒன்றை வாங்க முடிவு செய்திருக்கிறேன். கடைசியாக ஒன்று: என் கணினி மேசைக்கு அடியில் இருக்கிறது. ரிசீவரைப் பின்புறம் செருகினால் போதுமா?

மறுமொழி 1

வேண்டாம். யுஎஸ்பி 3.0 இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை உண்டாக்குகின்றன. இதை இன்டெல் நிறுவனமே 2012இல் ஒரு தொழில்நுட்ப அறிக்கையில் விளக்கியிருக்கிறது. கணினியின் பின்புறம், வெளி ஹார்ட் டிஸ்க் செருகிய துளைக்குப் பக்கத்தில் ரிசீவரும் இருந்தால், கோப்புகள் நகலெடுக்கப்படும் நேரத்தில் குறி விட்டுவிட்டு நகர்வதைப் பார்ப்பீர்கள். மவுஸ் கெட்டுவிட்டது என்றுகூட நினைப்பீர்கள். மவுஸுடன் வரும் நீட்டிப்பு வயரில் ரிசீவரைச் செருகி, மேசையின் மேல், மவுஸ் பேடிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். வைஃபை ரௌட்டர் மேசை மேலேயே இருந்தால் அதைச் சற்றுத் தள்ளி வையுங்கள். பேட்டரி தீரும்போது, பல மாடல்களில் அந்த வயரையே ரிசீவரிலிருந்து கழற்றி மவுஸில் செருகிக்கொண்டு, ஆட்டத்தை நிறுத்தாமல் தொடரலாம்.